மாற்று வக்காலத்து

ஜெபாவைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. இருவரும் ஒரே வருடம் சட்டம் முடித்தோம், ஒரே நாளில் வக்கீலாகப் பதிவு செய்தோம். இப்போது கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில், ஜெராக்ஸ் கடை மாடியில், ஒரே அறையைப் பங்கு போட்டு ஆபீஸ் வைத்திருக்கிறோம். ஜன்னல் ஓரம் அவள் மேஜை, பீரோ ஓரம் என் மேஜை. மின்விசிறி சரியாக நடுவில்தான் தொங்குகிறது. ஆனாலும் காற்று அவள் பக்கம்தான் அதிகம் போகிறது என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அவள் அப்பா கென்யாவிலிருந்து இன்ஜினியரிங் படிக்க வந்து, இங்கேயே தங்கி, அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்தவர். அம்மா ஆவடி கோவில்பதாகைக்காரர். நிறமும் முடியும் உயரமும் அப்பாவுடையது. வாய் மட்டும் முழுக்க முழுக்க அம்மாவுடையது. அந்த வாயைத் திறந்து "இன்னாபா, மேட்டர் இன்னா?" என்று அவள் கேட்டால், புதிதாக வந்த கட்சிக்காரர் கையில் இருக்கும் டீயைக் கொட்டிவிடுவார். அடுத்த ஐந்தாவது நிமிடம் அவளிடம் குடும்பக் கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

நான் விருதுநகர். அப்பாவுக்கு மாற்றலாகி நாங்கள் திருமுல்லைவாயில் ஃப்ளாட்டுக்குக் குடி வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. கோர்ட் வராந்தாவில் கறுப்புக் கோட்டு போட்ட இளம்பெண்கள் ஐம்பது பேர் நிற்போம், அதில் நானும் ஒருத்தி. ஜெபாவை ஒரு தடவை பார்த்தவர் மறக்க மாட்டார். நீதிபதி முதல் டீக்கடைக்காரர் வரை அவளுக்கு ஒரு தலையசைப்பு வைத்திருப்பார்கள். இவளுக்கு மட்டும் கடவுள் விசிட்டிங் கார்டை முகத்திலேயே அச்சடித்து அனுப்பிவிட்டார் என்று நினைத்துக்கொள்வேன். இது கேவலமான நினைப்பு என்று தெரியும். தெரிந்தேதான் நினைப்பேன்.

வக்கீல் வேலையோடு அவள் நின்றால்கூடப் பரவாயில்லை. 'சந்துமுனை' என்று நாலு பக்கத்தில் ஒரு மாதப் பத்திரிகை நடத்துகிறாள். ஆவடியில் எந்தத் தெருவுக்குத் தண்ணீர் லாரி வரவில்லை, எந்த ரேஷன் கடையில் பருப்பு இல்லை, எந்தப் பள்ளிக்கூடத்தில் கழிப்பறைக்குக் கதவு இல்லை என்பதெல்லாம் அதில் வரும். சலூனிலும் டீக்கடையிலும் அதை ஒருவர் உரக்கப் படிக்க நாலு பேர் கேட்பார்கள். அதே பெயரில் யூடியூப் சேனல் வேறு. ஞாயிற்றுக்கிழமையானால் கோவில்பதாகை சமுதாயக் கூடத்தில் மனு எழுதக் கற்றுக்கொடுக்கிறாள். அவளுக்கு மீன்குழம்பு வருகிறது, கல்யாணப் பத்திரிகை வருகிறது, குழந்தைக்குப் பெயர் வைக்கக் கூப்பிட்டு ஆள் வருகிறது. என் மேஜைக்கு வருகிறவர்கள் "ஜெபா இல்லீங்களா?" என்று கேட்க வருகிறவர்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவள் கறார். தான் வக்கீல் என்று சேனலில் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். தான் நடத்தும் வழக்கைச் சந்துமுனையில் போடவும் மாட்டாள். "வக்கீலு வெளம்பரம் பண்ணக் கூடாதுடி. பண்றான்னு எவனாச்சும் பார் கவுன்சிலுக்கு எயுதிப் போட்டான்னு வெய்யி, கோட்டக் கயட்டி ஆணியில மாட்ட வேண்டியதுதான்" என்பாள். அந்த எவனாவது நானாக இருந்தால் எப்படி எழுதுவேன் என்று ஒரு நாள் மின்சார ரயிலில் வரும்போது மனதுக்குள் வாசகம் அமைத்துப் பார்த்தேன். நன்றாகவே வந்தது. எழுதவில்லை, அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட எனக்கும் சொந்தமாக ஒரு நல்ல வழக்கு இருந்தது. முத்தாபுதுப்பேட்டையில் சொர்ணம் அக்கா இருக்கும் தெருவின் வழக்கு. அந்தத் தெருக்காரர்களின் பெற்றோர்கள் அங்கிருந்த வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். இப்போது வயல் இல்லை. சொர்ணம் அக்கா அம்பத்தூர் எஸ்டேட்டில் சட்டைக்குக் காலர் தைக்கிறார். வயல் இருந்த இடத்தை வாங்கிய மனைக் கம்பெனி ஒன்று, தெருவிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போகும் ஒரே பாதையை மறித்துச் சுவர் எழுப்பப் பார்த்தது. சுவர் வந்துவிட்டால் ஆம்புலன்ஸ் வராது, கேஸ் சிலிண்டர் வராது, பிள்ளைகள் வாய்க்காலைச் சுற்றிக்கொண்டுதான் பள்ளிக்குப் போக வேண்டும். நான்தான் வழக்குப் போட்டு, சுவர் கட்டக் கூடாது என்று இடைக்காலத் தடை வாங்கினேன். அந்தத் தடையை நீட்டிப்பதா வேண்டாமா என்ற வாதம் வெள்ளிக்கிழமைக்கு இருந்தது.

அதற்குள் ஜெபா சந்துமுனையில் அந்தப் பாதையைப் பற்றி ஒரு வீடியோ போட்டாள். ஒரு நிறைமாதக் கர்ப்பிணியை நடத்திக் கூட்டிப்போய், வாய்க்காலைச் சுற்றினால் எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டினாள். ஊரே பார்த்தது. என் அம்மாவும் பார்த்தாள். பார்த்துவிட்டு, "பாவம், இந்த மாதிரி கேஸெல்லாம் நீ எடுக்கக் கூடாதா?" என்று என்னிடமே கேட்டாள். அன்று நான் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை சொர்ணம் அக்கா ஆபீஸுக்கு வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். இன்னொரு கையில் புத்தம்புது வக்காலத்துத் தாள், தெருவே கையெழுத்துப் போட்டு, கைநாட்டு வைத்து. வழக்கில் வக்கீலை மாற்ற வேண்டும் என்றால் அந்தப் புதுத் தாளில் பழைய வக்கீல் 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பந்தியில் உட்கார்ந்தவளை எழுப்பிவிட்டு, மனமொப்பி எழுந்தேன் என்று அவளிடமே எழுதி வாங்குகிற மாதிரி.

"தப்பா நெனச்சிக்காத வக்கீலம்மா" என்றார் சொர்ணம் அக்கா. "நீ ஒண்ணியும் கொற வெக்கல. தெருவுல அல்லாரும் ஜெபாவே பாக்கட்டும்னுகினு கீறாங்க. அது நம்மூட்டுப் பொண்ணு மாதிரி. நாலு பேருக்குத் தெரிஞ்ச மூஞ்சி பாரு."

"அப்போ நான்?"

"நீயும் பொண்ணுதாம்மா. யாரு இல்லன்னா?"

நம் வீட்டுப் பெண் அவள். நான் வெறும் பெண். கென்யாக்காரர் மகள் நம் வீட்டுப் பெண், விருதுநகர்க்காரர் மகள் வெளியாள். கோபத்தைக் காட்டினால் அழுகை வந்துவிடும் என்று, "வைத்துவிட்டுப் போங்கள் அக்கா, பார்க்கிறேன்" என்றேன். தாளை மேஜை இழுப்பறையில் போட்டேன். வாழைப்பழத்தை ஜெராக்ஸ் கடையில் கொடுத்துவிட்டேன்.

சாயங்காலம் ஜெபா வந்ததும் கேட்டாள். "சொர்ணக்கா வந்துச்சாமே?"

"வந்தாங்க. நீ கூப்பிட்டியா?"

"நான் எதுக்குடி கூப்புடப் போறேன்? எங்கிட்ட வந்துச்சு. மொதல்ல மோகனாவப் போய்ப் பாருன்னேன். உன் இஷ்டம்தான். நீ போட்டாலும் சரி, போடலன்னாலும் சரி."

உன் இஷ்டமாம். என் வழக்கு, என் கட்சிக்காரர், அதை எனக்கே இவள் தாரை வார்க்கிறாளாம். வாய்விட்டு ஒரு சண்டை போட்டிருந்தால்கூட அன்று எனக்குத் தூக்கம் வந்திருக்கும். அவளோ மொபைலை ஒரு குச்சியில் மாட்டிக்கொண்டு, யாரோ பேட்டி கொடுக்கிறார்கள் என்று பட்டாபிராம் கிளம்பிப் போய்விட்டாள்.

நான் கையெழுத்துப் போடவில்லை. சொர்ணம் அக்கா போன் செய்தபோதெல்லாம் "நாளைக்கு" என்றேன். இது சரியில்லை என்று எனக்குத் தெரியாதா? கட்சிக்காரர் கேட்டால் வழிவிட வேண்டியதுதான் முறை. ஆனால் என் பிடிவாதம் வேறு கணக்குப் போட்டது. வெள்ளிக்கிழமை நானே வாதாடி ஜெயிக்க வேண்டும். சொர்ணம் அக்கா அதைப் பார்க்க வேண்டும். ஜெபா வந்து அதைப் படம் பிடிக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் அதிகம் விரும்பினேன்.

வெறும் வீம்பில் இதைச் சொல்லவில்லை. என்னிடம் சரக்கு இருந்தது. மனைக் கம்பெனி அரசாங்க ஒப்புதலுக்குக் கொடுத்த வரைபடத்தின் நகலை நான் வாங்கி வைத்திருந்தேன். அதில் அவர்களே அந்தப் பாதையை 'வண்டிப்பாதை' என்று குறித்திருந்தார்கள். அப்படி ஒரு பாதையே கிடையாது என்று பதில் மனுவில் சத்தியம் செய்தவர்களும் அவர்களேதான். ஜெபா ஆயிரம் வீடியோ போடலாம். இதைக் கண்டுபிடித்தவள் நான்.

வெள்ளிக்கிழமை காலை கோர்ட் நிரம்பியிருந்தது. சொர்ணம் அக்கா லீவு போட்டுவிட்டு, தெருக்காரர்கள் சிலரோடு பின்னால் நின்றார். என்னைப் பார்த்தார், தாளைப் பற்றிக் கேட்கவில்லை. கையெழுத்தாகாத அந்தத் தாள் என் பையில் இருந்தது. ஜெபாவைக் காணோம். வழக்கு எண்ணைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்தேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் வேம்புலி எனக்கு முன்னால் எழுந்துவிட்டார். முப்பது வருட அனுபவம், வெல்லம் போட்ட குரல். "யுவர் ஆனர், ஒரு சின்ன சிக்கல். மனுதாரர்கள் வக்கீலை மாற்றிவிட்டார்கள் என்று ஊருக்கே தெரியும். 'சந்துமுனை' என்கிற சேனலில், இந்த வழக்கு சம்பந்தமான வீடியோவுக்குக் கீழே, மனுதாரர் சொர்ணத்தின் மகள் ஜோதிகா என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள்." மொபைலைக் கண்ணருகே கொண்டுபோய் வாசித்தார். "'இனிமே எங்க கேஸ ஜெபா அக்காதான் பாக்கப் போறாங்க.' பக்கத்தில் மூன்று இதயம் வேறு."

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது.

"புது வக்காலத்து தாக்கல் ஆகவில்லை. பழைய வக்கீலம்மா மீது கட்சிக்காரர்களுக்கே நம்பிக்கை இல்லை. இவர்கள் ஒருவரை ஒருவர் காட்டிக் காலம் கடத்துவார்கள், அதுவரை என் கட்சிக்காரர் சொந்த நிலத்தில் சுவர் வைக்கக் கூடாதா? தடையை நீட்டிக்கக் கூடாது என்பது என் வேண்டுகோள்."

நீதிபதி அம்மா என்னைப் பார்த்தார். "மாற்று வக்காலத்து உங்களிடம் கேட்டார்களா?"

ஆமாம் என்றால், ஏன் கொடுக்கவில்லை என்பார். இல்லை என்றால் அது பொய், பொய்யைப் பின்னால் நிற்கும் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். என் வயிற்றெரிச்சலை நான் மேஜை இழுப்பறையில் பூட்டி வைத்ததாக நினைத்திருந்தேன். அது ஒரு தெருவின் வழியையே அடைத்துவிடும் போல் இருந்தது. "கேட்டார்கள், யுவர் ஆனர்" என்றேன்.

நீதிபதி என்னை விட்டுவிட்டுப் பின்னால் பார்த்தார். "யாரும்மா மனுதாரர்? இங்கே வாங்க. உங்களுக்கு யார் வக்கீல்? இப்போதே சொல்லுங்கள்."

சொர்ணம் அக்கா முன்னால் வந்தார். என்னைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். அப்போதுதான் ஜெபா மூச்சிரைக்க உள்ளே வந்தாள். மஞ்சள் சுடிதார். கோட்டு இல்லை, கவுன் இல்லை, கழுத்தில் வெள்ளைப் பட்டை இல்லை. வக்கீல்கள் வரிசைக்கு வராமல், பொதுமக்கள் உட்காரும் கடைசி பெஞ்சின் ஓரத்தில் போய் நின்றாள்.

"மிஸ் ஜெபா, நீங்கள் இதில் ஆஜராகிறீர்களா?" என்று நீதிபதி கேட்டார்.

"இல்லீங்க யுவர் ஆனர். நான் சும்மா பார்க்க வந்தேன். அவங்க வக்கீல் முன்னாடி நிக்கிறாங்களே" என்று என்னைக் காட்டினாள்.

சொர்ணம் அக்கா உடனே, "ஆமாம்மா, இவங்கதான் எங்க வக்கீல்" என்றார்.

நான் வாதாடினேன். கோபம், அவமானம் எல்லாம் சேர்ந்து தெளிவாகப் பேச வைத்தன. கம்பெனியின் வரைபடத்தை நீட்டினேன், 'வண்டிப்பாதை' என்ற எழுத்தின் மேல் விரலை வைத்தேன், அவர்கள் பதில் மனுவின் பத்தியைப் படித்தேன். வேம்புலி எழுந்து ஏதோ சொல்லப் போனார். நீதிபதி, "இது உங்கள் கட்சிக்காரர் கொடுத்த வரைபடம்தானே?" என்று ஒரே கேள்வி கேட்டார். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வழக்கு முடியும் வரை சுவர் கட்டக் கூடாது என்று உத்தரவானது.

வெளியே வந்ததும் தெருக்காரர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு அம்மா என் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் சொடக்குப் போட்டார். ஜெபா நான் ஆசைப்பட்டபடியே மொபைலை நீட்டிப் படம் பிடித்தாள். எனக்குக் கால் தரையில் படவில்லை. அந்த நல்ல மனநிலையில், பையிலிருந்து தாளை எடுத்துச் சொர்ணம் அக்காவிடம் நீட்டினேன். "இதற்கு இனிமேல் வேலை இல்லையே, அக்கா?"

"வேலயே இல்ல, கிய்ச்சிப் போட்டுரு" என்றார் அவர். "காலையில பஸ்ல வரச்சொல்லோ ஜெபா போன் பண்ணுச்சு. மோகனாவே நடத்தட்டும், அதுகிட்ட நல்ல பாயிண்ட் கீதுன்னு சொல்லுச்சு. ஜெபா சொன்னா கரெக்டாத்தான் இருக்கும்."

அவ்வளவுதான். நான் தரைக்கு வந்துவிட்டேன். நீதிபதி கேட்டதும் சொர்ணம் அக்கா கதவைப் பார்த்தது இதற்குத்தான். நான் வாதாடியதும் ஜெபா சொல்லி, நான் ஜெயித்ததும் ஜெபா சொல்லி. இனி இந்த வழக்கு நடக்கும் காலமெல்லாம் நான் ஜெபா நிறுத்திவைத்த ஆள்.

சந்து வழியாக ஆபீஸுக்கு நடந்து வந்து மாடியேறினேன். ஜெபா எனக்கு முன்பே வந்து, ஜன்னலோரம் உட்கார்ந்து வீடியோவை வெட்டிக்கொண்டிருந்தாள். "இதுல உன் மூஞ்சி சூப்பரா கீதுடி, இதையே வீடியோ மேல போட்டுறவா?" என்று படத்தைக் காட்டினாள். அழகாகத்தான் இருந்தேன். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"நான் கண்டுபிடித்த பாயிண்ட் உனக்கு எப்படித் தெரியும்?"

"வாரம் பூரா அந்த மேப்பத்தான வெச்சிகினு தடவிகினு இருந்த? கண்ணு இல்லியா எனக்கு? இன்னிக்கிக் காலீல அந்த ஜோதிகா எய்துனதப் பாத்தேன். வேம்புலி உடமாட்டாருன்னு தெரியும். கோட்டுப் போட்டுகினு வந்தா, நான்தான் வக்கீலுன்னு அவரு சாதிச்சுருவாரு. அதான் கயட்டி வெச்சிட்டு வந்தேன். இந்தக் கேஸ் எனக்கு வந்துட்டா அப்புறம் சந்துமுனையில ஒரு வரி போட முடியாதுடி. அது இன்னா லாபம் அந்தத் தெருவுக்கு?"

இதைத் திங்கட்கிழமையே சொல்லியிருக்கக் கூடாதா என்று கத்த வேண்டும் போல் இருந்தது. சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன் என்பதும் தெரிந்தது. வேறு ஒன்றைக் கேட்டேன். இத்தனை வருடமாகக் கேட்க நினைத்தது.

"ஜெபா, என்னைப் பார்த்து உனக்கு ஒரு நாளாவது பொறாமை வந்திருக்கா?"

அவள் மொபைலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இன்னிக்கி வந்துச்சு."

"ஜெயிச்சதுக்கா?"

"அதுக்கு இன்னாத்துக்குடி பொறாம? கோர்ட்டு வாசல்ல பையத் தொறந்து பாக்குறாரே ஒருத்தரு, தெனம் வணக்கம் மேடம்னு சொல்றவரு. கோட்டு இல்லாம போனேனா, அடையாளம் தெரில. பாஸ்போர்ட் எங்கன்னு கேட்டாரு. அதுவும் இங்லீஷ்ல." அவள் சிரித்தாள். சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. "ஆதார் கார்ட காட்டுனேன். திருப்பித் திருப்பிப் பாக்குறாரு. தமிழ்ல பேசுனேன், நல்லா கத்துகினியேன்னாரு. உள்ள உன் கேஸக் கூப்டுறது காதுல உய்வுது."

"அப்புறம் எப்படி விட்டார்?"

"உன் பேரச் சொன்னேன். உள்ள மோகனப்பிரியா மேடம் கீறாங்க, அவங்களக் கேளுங்கன்னேன். உன்ன அவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. பேரக் காதுல வாங்குனதும் உட்டுட்டாரு."

அவள் மறுபடி வீடியோவுக்குத் திரும்பினாள். நான் கையில் இருந்த வக்காலத்தை மடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்லியிருக்கலாம், வரவில்லை. ஜெபாவுக்கு என்னைப் பார்த்துப் பொறாமை என்று கேட்டவுடன் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அது ஒரு நிமிடம் முழுதாக இருந்தது.